இனிக்கும் மருந்து எமன் ஆகலாமா?

குழந்தைக்குக் காய்ச்சல். இரவெல்லாம் இருமல். தாய் மருந்துப் பாட்டிலை எடுக்கிறாள். கரண்டியில் ஊற்றிக் கொடுக்கிறாள். குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கிறது. மருந்து இனிக்கிறது!

இது நடக்காத வீடு இல்லை.

பாட்டிலில் இருப்பது நல்ல மருந்துதானா என்று அந்தத் தாயால் சோதித்துப் பார்க்க முடியுமா? முடியாது. முகர்ந்தால் பழ வாசனை. நாக்கில் வைத்தால் தித்திப்பு. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

ஆகவே அவள் நம்புகிறாள். டாக்டரை நம்புகிறாள். கடைக்காரரை நம்புகிறாள். மருந்து செய்த ஆலையை நம்புகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, "சர்க்கார் பார்த்துக்கொள்ளும்" என்று நம்புகிறாள்.

2025-ம் ஆண்டில் அந்த நம்பிக்கை மோசம் போயிற்று.

சிந்த்வாராவில் நடந்தது

மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா என்று ஒரு மாவட்டம். அங்கே சளி, காய்ச்சல் கண்ட சிறு குழந்தைகளுக்கு இருமல் மருந்து கொடுத்தார்கள். சில நாளில் வாந்தி எடுத்தார்கள். பிறகு சிறுநீர் நின்றது. சிறுநீரகம் கெட்டுவிட்டது.

2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள்.

அந்த மருந்தின் பெயர் 'கோல்ட்ரிப்'. அது எங்கே தயாராயிற்று? நம்முடைய தமிழ்நாட்டில்தான். காஞ்சிபுரம் மாவட்டத்தில்!

செய்தி கிடைத்ததும் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அந்த ஆலைக்குப் போனார்கள். மருந்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளுக்குள் முடிவு தெரிந்துவிட்டது.

மருந்தில் 'டை எத்திலின் கிளைகால்' என்ற நஞ்சு இருந்தது. எவ்வளவு? 100 மில்லி மருந்தில் 48.6 கிராம்! இருக்கலாம் என்று அனுமதித்த அளவு 0.1 கிராம்தான். குழந்தைகள் குடித்ததில் கிட்டத்தட்டப் பாதி நஞ்சு!

ஆலையை மூடினார்கள். லைசென்சை ரத்து செய்தார்கள். உரிமையாளரைக் கைது செய்தார்கள். குற்றத்தின் அளவைக் கோர்ட்டு சொல்லட்டும். நாம் கேட்பது வேறு கேள்வி.

மருந்துக்குள் நஞ்சு எப்படி வந்தது? வந்ததை யாரும் ஏன் பார்க்கவில்லை?

நஞ்சு நுழையும் வழி

காய்ச்சல் மருந்தான பாரசிட்டமால் தண்ணீரில் எளிதாகக் கரையாது. குழந்தைகளுக்குத் திரவமாகக் கொடுக்க வேண்டுமானால், அதைக் கரைக்க வேறு ஒரு பொருள் வேண்டும். கிளிசரின், புரோப்பிலின் கிளைகால் என்ற இரண்டு திரவங்களை அதற்குப் பயன்படுத்துகிறார்கள். மருந்துக்கென்று சுத்தமாகத் தயாரித்த திரவமாக இருந்தால் இவற்றால் கெடுதல் இல்லை.

டை எத்திலின் கிளைகால் இவற்றின் பங்காளி மாதிரி. அதே வழவழப்பு. அதே தித்திப்பு. நிறமும் இல்லை. ஆனால் அது தொழிற்சாலைப் பொருள். மோட்டார் வண்டியின் பிரேக் எண்ணெயிலும், எஞ்சின் உறையாமல் இருக்க ஊற்றும் திரவத்திலும் கலப்பது. விலையும் மலிவு.

நல்ல திரவம் இருக்கவேண்டிய பீப்பாயில் இது கலந்திருக்கலாம். லாபத்துக்காகக் கலந்திருக்கலாம். தரகர் கைமாறும்போது சீட்டு மாறியிருக்கலாம். வழி எதுவானாலும், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. சோதனைச்சாலையில் சோதித்தால் உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

சோதித்தால்! அந்த ஒரு சொல்லில்தான் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மருந்து இயல் என்று ஒரு படிப்பு உண்டு. டாக்டருக்கும் நர்சுக்கும் மருந்தாளுநருக்கும் படிப்பவர்கள் எல்லாரும் அதைப் படிக்கவேண்டும். அது முதலில் கேட்பது இரண்டே கேள்விகள். மருந்து உடம்பை என்ன செய்கிறது? உடம்பு மருந்தை என்ன செய்கிறது?

முதல் கேள்விக்குப் பதில் எளிது. உடம்பின் நுண்ணிய அறைகளில் பூட்டுப் போல் சில இடங்கள் உண்டு. பெரும்பாலான மருந்துகள் சாவி போலப் போய் அந்தப் பூட்டுகளில் பொருந்துகின்றன. சில சாவிகள் திறக்கும். சில அடைத்துக்கொள்ளும். ஒரே சாவி இரண்டு மூன்று பூட்டுகளில் பொருந்துவதும் உண்டு. அதனால்தான் சளி மருந்து சாப்பிட்டால் மூக்கும் காய்கிறது, தூக்கமும் வருகிறது. இதைத்தான் பக்க விளைவு என்கிறோம்.

இரண்டாவது கேள்விக்கு நாலு படி உண்டு.

வயிற்றுக்குப் போன மருந்தைக் குடல் உறிஞ்சுகிறது. இது முதல் படி. ரத்தம் அதை உடம்பு முழுவதும் கொண்டு போகிறது. இது இரண்டாவது. ஈரல் அதை உடைத்து மாற்றுகிறது. இது மூன்றாவது. சிறுநீரகம் அதை வெளியே தள்ளுகிறது. இது நாலாவது.

"ஆறு மணிக்கு ஒரு தடவை கொடுங்கள்" என்று டாக்டர் சொல்வதற்குக் காரணம் இதுதான். பாரசிட்டமால் ரத்தத்தில் ஏறிய பிறகு, சுமார் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று மணியில் பாதியில் பாதி. பழையது போன பிறகே புதியது வரவேண்டும். காய்ச்சல் இறங்கவில்லையே என்று அவசரப்பட்டு அடுத்த வேளையை முன்னதாகவே கொடுத்தால், உடம்பில் மருந்து மேலே மேலே சேரும். அதிகமானால் முதலில் கெடுவது ஈரல்.

சிந்த்வாராவில் நஞ்சு செய்த வேலையும் இந்த நாலு படிகளில்தான் நடந்தது. குடல் அதை உறிஞ்சியது. ரத்தம் சுமந்து சென்றது. ஈரல் தன் கடமைப்படி அதை உடைத்தது. உடைத்தபோது ஓர் அமிலம் உண்டாயிற்று. அந்த அமிலம் சிறுநீரகத்தைத் தாக்கி அழித்தது. நம்மைக் காப்பாற்ற வேண்டிய ஈரலே, தெரியாமல் நஞ்சைக் கொடிய நஞ்சாக மாற்றிவிட்டது.

குழந்தையின் உடம்பு சிறியது. அதனால் கொஞ்சம் நஞ்சே போதும், உயிர் போய்விடுகிறது.

அளவில் இருக்கிறது ரகசியம்

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் பழமொழி. ஐரோப்பாவில் 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்ற வைத்தியரும் இதையே சொன்னார். எல்லாப் பொருளிலும் நஞ்சு உண்டு, அளவுதான் அதை மருந்தாக்குகிறது என்பது அவருடைய கொள்கை. இன்றைக்கும் மருந்து இயலில் முதல் பாடம் அதுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். குழந்தைகளுக்குப் பாரசிட்டமாலை எடை பார்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அப்படியானால் 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம்.

ஆனால் கடையில் விற்கும் பாட்டில்கள் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம்!

சொட்டு மருந்தைத் தெரியாமல் 5 மில்லி கரண்டியில் ஊற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? குழந்தையின் வயிற்றில் 500 மில்லிகிராம் போய்விடும். கொடுக்க வேண்டியதைப் போல் மூன்று மடங்குக்கு மேல்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. பல சளி மருந்துகளிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒரு பாட்டில், சளிக்கு ஒரு பாட்டில் என்று இரண்டையும் கொடுத்தால், ஒரே மருந்தை இரண்டு தடவை கொடுத்ததாகும்.

நல்ல மருந்துக்கே இவ்வளவு கணக்கு. நஞ்சு கலந்த மருந்துக்குக் கணக்கு ஏது?

சட்டம் பிறந்த கதை

இந்த நஞ்சு புதியது அல்ல. அமெரிக்காவில் 1937-ம் ஆண்டிலேயே இது பலி வாங்கியிருக்கிறது.

அப்போது சல்பா மருந்து புதிதாக வந்த சமயம். தொண்டைப் புண்ணுக்கு அது கைகண்ட மருந்தாக இருந்தது. அதைத் திரவமாகச் செய்ய ஒரு கம்பெனி விரும்பியது. கம்பெனியின் ரசாயன நிபுணர் அதை டை எத்திலின் கிளைகாலில் கரைத்தார். பழ வாசனை சேர்த்தார். நிறம், மணம், ருசி எல்லாம் பார்த்தார்கள். உயிருக்கு ஆபத்தா என்று மட்டும் பார்க்கவில்லை. எலிக்குக் கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை.

105 பேர் இறந்தார்கள். அவர்களில் 34 பேர் குழந்தைகள். துல்சா நகரத்துத் தாய் ஒருத்தி, தன் ஆறு வயது மகளைப் பறிகொடுத்த துயரத்தை ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதமாக எழுதினாள்.

சர்க்கார் ஆட்கள் வீடு வீடாகப் போய் மிச்ச பாட்டில்களைப் பறிமுதல் செய்தார்கள். ஆனால் கம்பெனி மீது என்ன குற்றம் சாட்ட முடிந்தது தெரியுமா? பெயர்க் குற்றம்! மருந்துக்கு 'எலிக்சிர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் வைத்தால் அதில் சாராயம் கலந்திருக்க வேண்டும். இதில் இல்லை. அதுதான் குற்றம். நஞ்சு விற்றதைத் தடுக்க அன்று சட்டம் இல்லை.

மக்கள் கொதித்தார்கள். 1938-ல் புதிய சட்டம் வந்தது. ஒரு மருந்தை விற்பதற்கு முன்பே, அது ஆபத்து இல்லாதது என்று கம்பெனி காட்டவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லியது.

அந்தச் சட்டத்தின் பலன் 1960-ல் தெரிந்தது. தாலிடோமைடு என்ற தூக்க மருந்து ஜெர்மனியில் 1957 முதல் விற்பனையில் இருந்தது. கர்ப்பிணிகளும் அதைச் சாப்பிட்டார்கள். பல நாடுகளில் கை கால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. ஆனால் அமெரிக்காவில் அந்த மருந்து கடைக்கு வரவில்லை. காரணம் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி. "சரியான ஆதாரம் காட்டுங்கள்" என்று கேட்டார். கம்பெனி நெருக்கியது. அவர் அசையவில்லை, கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

முன்கூட்டியே "முடியாது" என்று ஓர் அதிகாரி சொன்னதால், கணக்கற்ற குழந்தைகள் பிழைத்தார்கள். மருந்துச் சட்டத்தின் சாரம் இதுதான். காவல் முன்னால் நிற்கவேண்டும்.

நம் நாட்டின் நிலை

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. நல்ல சட்டமே இருக்கிறது.

கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் 1930-ல் ஒரு கமிட்டி அமைத்தார்கள். போலி மருந்தும் கலப்பட மருந்தும் மலிந்திருப்பதை அந்தக் கமிட்டி எடுத்துக் காட்டியது. அதன் பயனாக 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. புதிய மருந்தை அனுமதிப்பது டெல்லியின் பொறுப்பு. ஆலைக்கும் கடைக்கும் லைசென்சு கொடுப்பதும், போய்ப் பார்ப்பதும் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. போலி மருந்தால் அல்லது கலப்பட மருந்தால் உயிர் போனால், 2008-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது 10 ஆண்டு, அதிகம் போனால் ஆயுள் தண்டனை.

இவ்வளவு இருந்தும் நடந்தது என்ன?

1972-ல் சென்னையிலேயே இதே நஞ்சு கலந்த மருந்தால் குழந்தைகள் இறந்தார்கள். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில், நஞ்சு கலந்த கிளிசரினால் 14 நோயாளிகள் இறந்தார்கள். நீதிபதி லெண்டின் விசாரணை நடத்தினார். 2020-ல் ஜம்மு பக்கத்தில் குழந்தைகள் இறந்தார்கள். 2022-ல் ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் இறந்தார்கள். இந்தியாவில் தயாரான நாலு மருந்துகளில் இந்த நஞ்சு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.

அதன் பிறகு டெல்லி சர்க்கார் ஒரு விதி செய்தது. வெளிநாட்டுக்குப் போகும் இருமல் மருந்தை அரசாங்கம் ஒப்புக்கொண்ட சோதனைச்சாலையில் சோதித்த பிறகே கப்பலேற்ற வேண்டும். 2023 ஜூன் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

நல்ல விதி. ஆனால் உள்நாட்டில் விற்கும் மருந்துக்கு அந்த விதி இல்லை! அயல்நாட்டுப் பிள்ளைக்கு ஒரு காவல், நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு காவலா? இரண்டே ஆண்டில் சிந்த்வாரா நடந்தது.

குறை எங்கே?

காஞ்சிபுரம் ஆலையைச் சோதித்த அதிகாரிகள் 300-க்கு மேற்பட்ட குறைகளைக் கண்டதாக எழுதினார்கள். முந்நூறு குறை ஒரே நாளில் முளைக்குமா? முளைக்காது. பல நாளாக இருந்திருக்கும். குழந்தைகள் இறப்பதற்கு முன்பே யாராவது போய்ப் பார்த்து எழுதியிருந்தால்?

சோதனைச்சாலை இரண்டு நாளுக்குள் நஞ்சைக் கண்டுபிடித்தது. அதைப் பாராட்டுகிறோம். ஆனால் இறந்த பிறகு இரண்டு நாளில் முடிகிற சோதனை, விற்பதற்கு முன் ஏன் முடியவில்லை?

வாங்கும் மூலப்பொருளை ஒவ்வொரு தடவையும் சோதித்த பிறகே உபயோகிக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. செய்த மருந்தையும் சோதித்த பிறகே வெளியே அனுப்பவேண்டும். விதி புத்தகத்தில் இருக்கிறது. ஆலையில் இல்லை. குறை அங்கேதான்.

நாம் கேட்பது மூன்று. குழந்தைகளுக்கான திரவ மருந்து ஒவ்வொரு தொகுதிக்கும் இந்த நஞ்சுக்கான சோதனைச் சீட்டு இருக்கவேண்டும். மருந்து ஆய்வாளர் வேலை எங்கெங்கே காலியாக இருக்கிறதோ, அங்கெல்லாம் ஆள் போடவேண்டும். எந்த ஆலையை எப்போது பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்பதை மக்கள் பார்க்கும்படி வெளியிடவேண்டும்.

சிறிய ஆலைகள் "செலவு தாங்காது" என்கின்றன. சோதிக்கும் செலவைத் தாங்க முடியாதவருக்குப் பிள்ளைகளின் மருந்தைச் செய்யும் தொழில் எதற்கு?

வீட்டில் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யட்டும் என்று நாமும் சும்மா இருக்கக் கூடாது. தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

சாதாரணச் சளியும் இருமலும் பெரும்பாலும் தானே குணமாகும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து எழுதிக் கொடுக்கக்கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுரை சொல்லியது. ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாக வேண்டாம் என்றது. வெதுவெதுப்பான நீர் ஆகாரமும், ஓய்வும் பல சமயம் போதும். மூச்சு வாங்கினாலோ, குழந்தை சோர்ந்து போனாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போகவேண்டும்.

அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். போன தடவை மிஞ்சியதையும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதியதையும் கொடுக்காதீர்கள்.

பாட்டிலுடன் வரும் அளவு மூடியில் ஊற்றுங்கள். சமையல் கரண்டி வேண்டாம். ஒரு கரண்டி போல் இன்னொரு கரண்டி இருக்காது.

மருந்து வாங்கினால் ரசீது கேளுங்கள். பாட்டிலில் தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள். படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால், பள்ளிக்கூடம் போகும் பேரனைப் படிக்கச் சொல்லுங்கள். குழந்தை குணமாகும் வரை பாட்டிலை எறியாதீர்கள்.

மருந்து குடித்த குழந்தைக்கு வாந்தியோடு சிறுநீரும் குறைந்தால், அந்த மருந்தை நிறுத்துங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சீக்கிரம் போனால் ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் சிகிச்சை உண்டு.

மருந்தால் கெடுதல் வந்தது என்று தோன்றினால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். வாங்கிய மருந்தின் மேல் சந்தேகம் இருந்தால், சட்டத்தின் 26-வது பிரிவு உங்களுக்கு உரிமை கொடுக்கிறது. கட்டணம் கட்டி, சர்க்கார் பகுப்பாய்வாளரிடம் யாரும் சோதனை கேட்கலாம். இந்த உரிமை இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. தாய் எவ்வளவு கவனமாக இருந்தாலும், மூடிய பாட்டிலுக்குள் இருப்பதை அவளால் பார்க்க முடியாது. அவளுக்காகப் பார்க்கத்தான் ஆய்வாளருக்குச் சம்பளம், சோதனைச்சாலைக்குப் பணம், ஆலைக்கு லைசென்சு.

1937-ல் அமெரிக்காவுக்குச் சட்டம் இல்லை. நமக்குச் சட்டம் இருக்கிறது. சோதனை இருக்கிறது. இரண்டு நாளில் நஞ்சைக் கண்டுபிடிக்கும் திறமையும் இருக்கிறது. அந்த இரண்டு நாள், மருந்து கடைக்குப் போகும் முன் வரட்டும். பிள்ளையைப் புதைத்த பிறகு வந்து என்ன பயன்?